மூடிய ஓட்டை மூன்று

பைக் என்ஜின் மூடியின் மூன்று போல்ட்டில் இரண்டைக் கழற்றிவிட்டாள் நிர்மலா. மூன்றாவது அசைய மாட்டேன் என்றது.

"சார், இந்த மூடியத் திறக்க எட்டாம் நம்பர் ஸ்பேனர் போதும். உங்க வாயத் திறக்க எத்தினியாம் நம்பர் வேணும்? திருத்தணியிலருந்து இங்க வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல."

"திருப்பு" என்றார் ஜம்புலிங்கம்.

"அதோ, பேசிட்டாரு."

போல்ட் தலையில் ஹைவே சேறு காய்ந்து சிமெண்டு மாதிரி பிடித்திருந்தது. ஸ்பேனரின் முனையால் அதைக் கொத்தினாள். பெயர்ந்து விழுந்தது. ஜம்புலிங்கம் குனிந்து அந்தச் சேற்றுச் சில்லை எடுத்துப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

முப்பத்திரண்டு வருஷம் போலீஸில் இருந்து, ஏட்டாக ஓய்வு பெற்றவர் அவர். படிப்பு எட்டாவது. போலீஸ் மூடிவிட்ட கேஸ்களை, வீட்டுக்காரர்கள் கேட்டால் திறந்து பார்ப்பது இப்போது தொழில். எழுதி வைத்த எதையும் நம்ப மாட்டார். சர்வீஸில் தான் எழுதியதில் எத்தனை பொய் என்று அவருக்குத் தெரியும். விசாரணைக்குப் போன வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார், பாட்டில் கொண்டுபோவார். இப்போது சாவு வீடும் ரேஷன் கடையும் அவருக்கு ஒன்றுதான்.

நிர்மலா பொதட்டூர்பேட்டைக்காரி. பதினாறு வருஷம் விசைத்தறி ஓட்டியவள். முதலாளிக்கு வாய்க்கு வாய் பதில் சொன்னதில் வேலை போயிற்று. அந்த வாயை ஜம்புலிங்கம் தன் உதவிக்கு எடுத்துக்கொண்டார்.

நான்கடி தள்ளி, கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் வாளி மேல் உட்கார்ந்திருந்தார் ஆதிகேசவன். அறுபத்திரண்டு வயது. கரும்பும் நெல்லும் வைக்கிற விவசாயி. தன் மகனின் பைக்கைப் பிரிக்கிறார்களே என்ற சலனம் முகத்தில் இல்லை. ஈ வந்து உதட்டில் உட்கார்ந்தது. அதையும் ஓட்டவில்லை.

கேஸ் இவ்வளவுதான். ஆர்.கே.பேட்டை ரோட்டில் இருக்கிற இந்த வீட்டுப் பையன் இளம்பரிதி, திருவள்ளூர் பக்கம் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை. இருபத்து மூன்று நாளைக்கு முன்னால், நைட் ஷிஃப்ட் முடித்துக் காலையில் வரும்போது ஹைவேயில் என்ஜின் ஜாம் ஆகிப் பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. விழுந்தான். பின்னால் லாரி. போலீஸ் விபத்து என்று எழுதி மூடியது.

அதற்கு எட்டு நாள் முன்னால் அந்த பைக்குக்கு ஆயில் மாற்றி, ஃபில்டர் மாற்றியவர் அப்பா ஆதிகேசவன். இதே வாசலில். மெக்கானிக்கை அவர் நம்ப மாட்டார். பழைய எண்ணெயை அப்படியே விட்டுவிட்டுப் புது எண்ணெய்க்குக் காசு வாங்குவான் என்பது அவர் கட்சி. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், சொந்தக்காரர்கள் சாப்பிட உட்கார்ந்திருந்த நேரத்தில் பந்தி நடுவில் வந்து நின்று சொன்னார்: "ஃபில்டரத் திருப்பிப் போட்டுட்டேன். நான்தான் அவனக் கொன்னேன்."

சொல்லிவிட்டு வந்து இந்த வாளி மேல் உட்கார்ந்தவர்தான்.

மருமகள் கவிப்பிரியா ஜம்புலிங்கத்தைத் தேடி வந்து கேட்டது ஒரே ஒரு கேள்வி. "மாமா கையாலதான் அவரு போனாரான்னு எனக்குத் தெரியணும் சார். ஆமான்னா வெள்ளிக்கிழமை பஸ்ல பொண்ணக் கூட்டிகினு பள்ளிப்பட்டுக்கு எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வர மாட்டேன். அவரு கையால போட்ட சோறு எனக்கு எறங்கல."

இன்று புதன்.

மூன்றாவது போல்ட் வந்தது. நிர்மலா வட்ட மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த ஃபில்டரை இரண்டு விரலால் பிடித்தாள். உள்ளங்கை அளவு காகித உருளை. ஒரு பக்கம் ஓட்டை, மறு பக்கம் அடைப்பு. ஓட்டை என்ஜினைப் பார்த்து இருக்க வேண்டும். மாறிப் போனால் எண்ணெய் மேலே ஏறாது. என்ஜின் காய்ந்து இறுகிவிடும். அவசரத்தில் எவனும் செய்யக்கூடிய தப்பு.

அவள் பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள்.

"சார்" என்றாள், குரலைத் தாழ்த்தி. "ஓட்டை உள்பக்கம்தான் கீது. கரெக்டாத்தான் போட்டுக்கிறாரு."

"விழுந்த பிறகு திருத்தி வெச்சிருக்கலாம்."

"சேறு?"

"அதான் பையில போட்டேன். விழுந்த அன்னிக்கு ஒட்டின சேறு. அதுக்கப்புறம் இந்த மூடிய யாரும் திறக்கல."

"அப்ப இவரு பொய் சொல்லிக்கிறாரு. நல்லதாப் போச்சி. கவிகிட்ட சொல்லிட்டுக் கெளம்பலாம், ஒரு டீயாவது குடிக்கலாம்."

"சொல்லாதே."

செய்யாத தப்பை ஒத்துக்கொள்கிறவர்களை ஜம்புலிங்கம் ஸ்டேஷனில் நிறையப் பார்த்திருக்கிறார். ஒன்று அடி தாங்காமல் ஒத்துக்கொள்வான். இல்லையென்றால் வேறு எதையோ மறைக்க ஒத்துக்கொள்வான். ஆதிகேசவனை யாரும் அடிக்கவில்லை.

நிர்மலா விரலில் ஒட்டிய எண்ணெயைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மூக்கில் வைத்தாள். அவள் முகம் மாறியது.

"சார், இது எனக்குத் தெரிஞ்ச வாசனை."

"எண்ணெய் வாசனை."

"எண்ணெய்லயும் சாதி சனம் கீது சார். இது தண்ணியா ஓடுது பாருங்க. கருப்பு என்ஜின் சூட்டுல கருகினது. அடியில இருக்கறது தறி எண்ணெய். பதினாறு வருஷம் என் பொடவையிலயும் சோத்துலயும் இருந்த வாசனை. மறக்குமா?"

"உன் மூக்க வெச்சி ஸ்டேஷன்ல கேஸ் கொடுக்க முடியாது."

"மூக்கு வேணாம். அன்னிக்கு இவரு கை தொடச்ச துணி இருந்தாப் போதும்."

கொடியில் காய்ந்துகொண்டிருந்த துண்டைக் கவிப்பிரியா கொண்டுவந்து கொடுத்தாள். இருபத்தெட்டு வயதுப் பெண். அழுது முடித்த முகம் இல்லை அது. அழ ஆரம்பிக்காத முகம். வீட்டுக் கணக்கில் எதையோ தேடுகிறவள் மாதிரி எல்லாக் கேள்விக்கும் மெதுவாகப் பதில் சொன்னாள்.

"இதாங்க. நாலு தடவ தொவச்சிட்டேன். இந்தக் கருப்பு போகவே இல்ல."

துண்டின் ஒரு மூலையில் உள்ளங்கை அகலத்துக்குக் கருப்புக் கறை.

"இது பழைய எண்ணெய எறக்கும்போது தொடச்சது, இல்லம்மா?" என்றாள் நிர்மலா. "புது எண்ணெய் இதுல படலயா?"

"படலயாவா? டப்பாவ ஒடைக்கும்போது கை நழுவி இந்தத் துண்டு பூரா கொட்டிகினாரு. மாமா, எனக்குன்னு வேலை வெக்கிறீங்களேன்னு கத்தினேன். ஆனா ஒரே தொவையில போயிடுச்சி அது."

நிர்மலா ஜம்புலிங்கத்தைப் பார்த்தாள். ஜெயித்த பார்வை.

"கேட்டுக்கினீங்களா? பைக் எண்ணெய் துணியில பட்டா துணி கிழிஞ்சாலும் கறை போவாது. தறி எண்ணெய் அப்பிடி இல்ல. ஒரு சொட்டு லுங்கியில வுழுந்தாலும் நெய்ஞ்சதெல்லாம் வீணாப் போவும். அதனால சோப்பு போட்டா போயிட்ற எண்ணெயாப் பார்த்துத்தான் தறிக்கு வாங்குவாங்க. துணிக்கு நல்லது. கொதிக்கிற என்ஜினுக்குள்ள வுட்டா தண்ணி வுட்ட மாதிரிதான்."

கவிப்பிரியா துண்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். "அப்பிடின்னா?"

"டப்பாவுல இருந்தது பைக் எண்ணெய் இல்ல" என்றார் ஜம்புலிங்கம். "எங்க வாங்கினாரு?"

"எப்பவும் அரக்கோணம் ஷோரூம்லதாங்க வாங்குவாரு. அன்னிக்கு ஆடிக் கிருத்திகை. காவடிக் கூட்டம். பஸ்ஸெல்லாம் சுத்தி வுட்டுட்டாங்க. அதனால சித்தூர் ரோட்ல ராஜேஷ் கடையில வாங்கினு வந்துட்டாரு. இவரு முழிச்சிகினு இருந்தா வாங்க வுட்டிருக்க மாட்டாரு."

"இவருன்னா?"

"பரிதிதாங்க. நைட் ஷிஃப்ட் முடிச்சி உள்ள தூங்கிகினு இருந்தாரு. 'நைனா, எங்க வேணா வாங்கு, ராஜேஷ் கடையில மட்டும் வாங்காத'ன்னு எத்தினியோ தடவ சொல்லிக்கிறாரு."

ஜம்புலிங்கம் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார். மூடினார்.

"ஏன்னு சொன்னானா?"

"எண்ணெய் சரியில்லன்னு சொல்லுவாரு."

"அது அவனுக்கு எப்படித் தெரியும்?"

கவிப்பிரியா துண்டைக் கொண்டுபோய்க் கொடியில் போட்டாள். அவர் வற்புறுத்தவில்லை.

"காலி டப்பா எங்க?"

"மாமா எதையும் தூக்கிப் போட மாட்டாரு. எண்ணெய் ஊத்தி முடிச்ச அடுத்த நிமிஷம் கோணி ஊசிய எடுத்து, டப்பா பக்கவாட்டுல அடி ஓரமா மூணு ஓட்டை போட்டுடுவாரு. பட்டை போட்ட மாதிரி வரிசையா. குத்தலன்னா எவனாவது பொறுக்கினு போய்க் கண்ட எண்ணெய அதுல ஊத்தி வித்துடுவான்னு சொல்லுவாரு. குத்தினதெல்லாம் மாட்டுக் கொட்டாய்ல ஒரு கோணியில போட்டு வெப்பாரு."

ஜம்புலிங்கத்துக்கு ஆதிகேசவனை முதல் முறையாகக் கொஞ்சம் பிடித்தது. மூட்டை தைக்கிற ஊசியை எடுத்துக் காலி டப்பாவைக் குத்துகிறவன் சரியான ஆள். அவரும் அப்படித்தான் செய்திருப்பார்.

மாட்டுக் கொட்டாயில் கோணி ஆணியில் தொங்கியது. நிர்மலா கை விட்டுப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. ஒரு டப்பாகூட இல்லை.

"இத்தினி வருஷத்து டப்பா எங்க போச்சி?" என்றாள். "மாடு தின்னுச்சா?"

"பழைய சாமான்காரனுக்குப் போட்டிருப்பாங்க" என்றாள் கவிப்பிரியா.

"இந்தக் கடைசி டப்பா?"

"அத்த நான் பார்க்கவே இல்லீங்க."

ஜம்புலிங்கம் வாசலுக்கு வந்து நின்றார். ஆதிகேசவன் அதே வாளி மேல் உட்கார்ந்திருந்தார். காலையில் அவர்கள் வந்தபோது அவர் இருந்த இடத்தில் நிழல். இப்போது பதினொரு மணி. நிழல் தகரக் கூரைக்குக் கீழே போய்விட்டது. வெயில் அவர் உச்சந்தலையில் இறங்கிக் கழுத்தில் வியர்வையாக வடிந்தது. நிழல் இரண்டு எட்டுத் தூரத்தில் இருந்தது.

"நிர்மலா, அந்த ஆளு ஏன் வெயில்ல உட்கார்ந்திருக்கான்?"

"துக்கம் சார். வெயிலா நிழலான்னு தெரியாது."

"ஈ உட்கார்ந்தாலும் தெரியாது. வெயில் அடிச்சாலும் தெரியாது. சரி. அவன எழுப்பு."

"எப்படி?"

"உனக்குத்தான் வாய் இருக்குதே."

நிர்மலா கொட்டாய்ப் பக்கம் போய், அங்கிருந்து அலறினாள். "நைனா! மாடு அவுத்துகினு கரும்புல பூந்துடுச்சி! ஐயையோ, நைனா!"

ஆதிகேசவனின் உடம்பு பாதி எழுந்தது. நாற்பது வருஷமாக மாடு கட்டுகிறவன் உடம்பு. தலைக்குத் தெரியாமல் காலே எழுந்துகொள்ளும். ஆனால் பாதியில் நின்றது. கீழே வாளியைப் பார்த்தார். திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

ஜம்புலிங்கம் அவர் எதிரில் போய்க் குந்தினார்.

"பெரியவரே, மாடு கரும்பத் தின்னுது. நீங்க எழுந்திருக்கல. அப்ப கரும்பவிட ஒசத்தியா ஒண்ணு இந்த வாளிக்குக் கீழ இருக்குது. நானே எடுக்கட்டுமா, நீங்க எழுந்திருக்கிறீங்களா?"

ஆதிகேசவன் எழுந்து நிழலில் போய் நின்றார். பேருந்துக்கு நிற்கிறவர் மாதிரி நின்றார்.

வாளிக்குக் கீழே ஒரு சிவப்பு எண்ணெய் டப்பா. லேபிள் ஒரு பக்கம் உரிந்து தொங்கியது.

நிர்மலா அதைத் திருப்பினாள். அடி ஓரத்தில், வலது பக்கம் வரிசையாக மூன்று ஓட்டை. அவள் விரல் இடது பக்கம் நகர்ந்தது, லேபிள் உரிந்த இடத்துக்கு. அங்கே மூன்று புள்ளி. ஊசிமுனை அளவு, வரிசையாக, அதே இடைவெளி. சிவப்புப் பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றி, தேய்த்து வழவழப்பாக்கியிருந்தது. மேலே லேபிள் ஒட்டியிருந்தால் கடவுளுக்கும் தெரியாது.

"சார்… இது இவரு குத்தின டப்பாவே. முன்னாடி ஒரு தடவ குத்திக்கிறாரு. எவனோ ஓட்டைய அடச்சி, எண்ணெய ஊத்தி, லேபிள் ஒட்டி, இவருகிட்டயே வித்துட்டான். இவரும் திரும்பக் குத்திக்கிறாரு." அவள் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. "யாரு குத்தினா இன்னா, யாரு வித்தா இன்னா, டப்பா வூட்டுக்கு வந்துடுச்சி."

"லேபிள் எப்ப உரிஞ்சிது பெரியவரே?"

"காரியத்துக்கு மறுநாள்." ஆதிகேசவன் அன்று முதல் முறையாகப் பேசினார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "ராத்திரி மழ. கொட்டாய் ஒழுகிச்சி. காலையில கோணியில இத்த மட்டும் பார்த்தேன்."

"அன்னிக்குத்தான் பந்தி நடுவுல வந்து நான்தான் கொன்னேன்னு சொன்னீங்க."

ஆதிகேசவன் முகத்தைக் கூரைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"கடைக்காரன் ஏமாத்திட்டான்னு தெரிஞ்சவன் கடைக்குப் போய் அவன் சட்டையப் பிடிப்பான். நீங்க பழிய எடுத்துத் தலையில வெச்சிகினீங்க. யாருக்காக?"

"ஃபில்டரத் திருப்பிப் போட்டேன். எழுதிக்கோ."

"நீங்க நேராத்தான் போட்டிருக்கீங்க. நான் பார்த்துட்டேன்."

"எழுதிக்கோன்னா எழுதிக்கோய்யா!"

கவிப்பிரியா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். அவள் இருந்தது அப்போதுதான் கிழவருக்குத் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டார்.

ஜம்புலிங்கம் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். "எழுதிக்கிறேன். எனக்கு ஒண்ணும் நஷ்டம் இல்ல. ஆனா ராஜேஷ் கடையில இந்த மாதிரி டப்பா இன்னும் நிக்கும். இன்னிக்குச் சாயங்காலம் இன்னொரு அப்பன் வந்து வாங்கினு போவான். அவனும் வூட்டு வாசல்ல உட்கார்ந்து ஃபில்டர நேராத்தான் போடுவான்."

டப்பாவை எடுத்துக்கொண்டு நடந்தார்.

நிர்மலாவின் ஸ்கூட்டியில் திருத்தணிக்கு வருகிற வழியெல்லாம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஊர் எல்லையில்தான் வாய் திறந்தாள்.

"ஓட்டைய அடச்ச வேலை, சார். அது கடைக்காரன் வேலை இல்ல. பிளாஸ்டிக் தெரிஞ்சவன் வேலை."

"ம்."

"தெரிஞ்சிதான் ஒண்ணும் பேசாம வந்தீங்களா?"

"ரோட்டப் பாத்து ஓட்டு."

சித்தூர் ரோட்டில் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய கும்பல் ஒன்று மலையிலிருந்து இறங்கிப் பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தது. ராஜேஷின் ஸ்பேர்ஸ் கடை வாசலில் டயர்கள். உள்ளே கண்ணாடி அலமாரியில் வரிசையாகச் சிவப்பு டப்பாக்கள். ராஜேஷுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நெற்றியில் விபூதி, காதில் ப்ளூடூத்.

"வாங்க சார், இன்னா வண்டி?"

"வண்டி இல்ல" என்றாள் நிர்மலா. "டப்பா பார்க்க வந்தோம். பொண்ணு பார்க்கிற மாதிரி. லேபிள எடுத்துட்டு மூஞ்சியக் காட்டச் சொல்லு."

"யாரும்மா நீ?"

அவள் பதில் சொல்லாமல் அலமாரியைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்து, நகத்தால் லேபிளின் மூலையைக் கிளப்பினாள். ஒன்றும் இல்லை. அடுத்தது. ஒன்றும் இல்லை.

"இன்னா பண்ற நீ! ஒரிஜினல் சரக்கு. போலீஸக் கூப்பிடுவேன்."

"கூப்பிடு" என்றார் ஜம்புலிங்கம், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து. "நான் அங்கருந்துதான் ரிட்டயர் ஆனேன். யார் வந்தாலும் எனக்குத் தெரிஞ்சவன்தான்."

மூன்றாவது டப்பாவின் லேபிள் கையோடு வந்தது. அடியில் மூன்று புள்ளி. வரிசையாக.

நிர்மலா அதைத் தன் டப்பாவுக்குப் பக்கத்தில் மேஜை மேல் வைத்தாள். அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. "இந்தக் கையெழுத்து யாருதுன்னு தெரியுமா தம்பி? ஆர்.கே.பேட்டை ரோட்ல ஒரு கிழவரு. இந்த ஜில்லாவுலயே டப்பாவுக்குப் பட்டை போட்டு வுடறவரு அவரு ஒருத்தருதான். அவரு பையன் செத்து இருபத்து மூணு நாளு."

ராஜேஷ் ப்ளூடூத்தைக் காதிலிருந்து எடுத்தான். நெற்றி வியர்வையில் விபூதி கரைந்தது.

"சார், நான் எதுவும் கலக்கல. சத்தியமா. டப்பா, எண்ணெய், லேபிள் எல்லாம் ரெடியா வரும். நான் வெச்சி விக்கிறேன், அவ்ளோதான். பாதி ஷோரூம் சரக்கு, பாதி இது."

"யாரு கொண்டாந்து போட்டது?"

"அது…"

"பேரச் சொல்லு."

ராஜேஷ் ஜம்புலிங்கத்தின் தோளுக்கு மேலே வாசலைப் பார்த்தான். பார்த்ததும் அவன் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

ஜம்புலிங்கம் திரும்பினார். ரோட்டில் கவிப்பிரியாவின் ஸ்கூட்டி நின்றிருந்தது. பின்சீட்டிலிருந்து ஆதிகேசவன் இறங்கிக்கொண்டிருந்தார். அழுக்குத் துண்டு தோளில். செருப்பில்லை. வலது கையில் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தார்.

"எழுந்து நின்னாரு" என்றாள் கவிப்பிரியா, கடைக்குள் வந்து, யாரையும் பார்க்காமல். "ராஜேஷ் கடைக்குக் கூட்டிகினு போன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல."

"சார் கேக்கறாரு" என்றான் ராஜேஷ் கிழவரிடம். கெஞ்சுகிற குரல். "சொல்லட்டுமா நைனா?"

"நீ சொல்லாத." ஆதிகேசவன் மேஜைக்கு வந்து இரண்டு டப்பாவையும் பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்தார். "பரிதிதான்."

ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"நான் குத்திப் போட்டதெல்லாம் அவன்தான் எடுத்துகினு போனான். பழைய பிளாஸ்டிக்குக்குப் போட்றேன் நைனான்னான். கம்பெனியில கத்துகின வேலை, ஓட்டைய அடச்சிக்கிறான். தறி எண்ணெய வாங்கி ஊத்திக்கிறான். ரெண்டு வருஷமா. நானு கண்டேனா? ஷோரூம்ல வாங்கினா ஏமாத்த மாட்டான்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்சேன். ஏமாத்தறவன் என் தட்டுல சோறு தின்னுகினு இருந்தான்."

குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. மாட்டுத் தீவனம் எவ்வளவு ஆச்சு என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

"அந்த டப்பாவப் பார்த்தன்னிக்கே எனக்குத் தெரிஞ்சிடுச்சி. அவன் பேரு கெட்டுடும்னு நெனச்சேன். உன் வயித்தெரிச்சல் அவன் மேல போகாம என் மேலயே இருந்துட்டுப் போகட்டும்னு நெனச்சேன். நீ பொண்ணக் கூட்டிகினு போயிட்டாலும் பரவால்ல, செத்தவன நல்லவன்னு நெனச்சிகினு போவன்னு." மேஜை மேலிருந்த டப்பாவைத் தொட்டார். "இதுல எனக்கும் பங்கு கீது. அவன் வாங்காத வாங்காதன்னு சொன்னத நான் கேக்கல. வாங்கினவன் நான்."

எல்லாரும் கவிப்பிரியாவைப் பார்த்தார்கள். அவள் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஜம்புலிங்கம் அந்த முகத்தைப் படிக்கப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டார். முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் விட்ட முகங்கள் அதிகமில்லை.

"அதனாலதான் இந்தக் கடைய வேணாம்னாரு" என்றாள் கடைசியில். தனக்குத்தானே சொன்ன மாதிரி. "நம்ம வூட்டுக்கு மட்டும் வேணாம்னாரு."

ஆதிகேசவன் வலது கையைத் திறந்தார். கோணி ஊசி. மூட்டை தைத்துத் தைத்து முனை பளபளத்தது. அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேஜையில் சாய்த்து, அடியில் வைத்து அழுத்தினார். பிளாஸ்டிக் 'டப்' என்றது. எண்ணெய் நூலாக வழிந்து மேஜையில் ஓடித் தரையில் சொட்டியது. இரண்டாவது ஓட்டை. மூன்றாவது. வரிசையாக.

"நைனா, என் கடை!" என்றான் ராஜேஷ்.

"அரசாங்கக் கட்டடமா இருந்தாலும் அவரு குத்துவாரு" என்றாள் நிர்மலா. "நீ தள்ளி நில்லு, சட்டையில படும். தறி எண்ணெய்தான், தொவச்சா போயிடும்."

"ரெண்டு டப்பாவ விட்டு வைங்க" என்றார் ஜம்புலிங்கம். "ஸ்டேஷனுக்கு வேணும். பேரும் எழுதணும். எல்லாப் பேரும்."

"எழுது" என்றார் ஆதிகேசவன். நிமிரவில்லை. அடுத்த டப்பாவுக்குக் கையை நீட்டினார். எண்ணெய்க் கை. டப்பா வழுக்கியது. இன்னொரு தடவை பிடித்தார். அப்போதும் வழுக்கியது.

கவிப்பிரியா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். டப்பாவைத் தூக்கி மேஜையில் வைத்து, இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டாள்.

"குத்துங்க மாமா."

குத்தினார். எண்ணெய் அவள் விரல்களுக்கு நடுவே ஓடியது.

கேட்கக் கூடாது என்று தெரிந்தும் நிர்மலா கேட்டாள். "கவி, வெள்ளிக்கிழமை பஸ்ஸு…"

"அந்தப் பக்கம் இருக்கறத எடுத்துக் குடுங்கக்கா" என்றாள் கவிப்பிரியா. "இன்னும் நெறைய கீது."